மேட்டுக்குள் குடியிருப்பவர்கள்: ஃபே பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் "ஃபே இனங்களைப் பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள்" என்று ஓரமாக ஒரு வரிதான் போட்டோம். வந்து குவிந்ததில் பாதி வீடியோ கேம் ஆடுகிறவர்களுடையது, மீதி பெண் குழந்தைக்குப் பிறந்தநாளுக்கு இறக்கை வாங்கிக் கொடுத்த பெற்றோர்களுடையது. கற்பனை உலகம் படைப்பவர்கள் ஆளாளுக்கு ஒரு ஃபே பட்டியல் வைத்திருக்கிறார்கள், அத்தனைக்கும் பின்னால் ஓட என்னால் முடியாது. அந்தப் பட்டியல்களுக்கெல்லாம் மூலச்சரக்கு, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், இங்கிலாந்து கிராமங்களில் இந்த மாய மக்களைப் பற்றிச் சொல்லிவந்த கதைகள்தான். அவற்றை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஃபே என்றால் தேவதைதானே? தமிழில் அப்படியே எழுதினால் என்ன?
(வாசகி, கரூர்)

எழுதலாம். ஆனால் 'தேவதை' என்றதும் படிக்கிறவர் மனசில் வெள்ளை கவுனும் நுனியில் நட்சத்திரம் ஒட்டிய குச்சியும் வந்து நின்றுகொள்ளும், அப்புறம் அதை விரட்டுவது கஷ்டம். லத்தீனில் விதியைக் குறிக்கிற 'ஃபாட்டா' என்ற சொல் பழைய பிரெஞ்சில் 'ஃபே' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அயர்லாந்துக் கிராமத்தானுக்கு அதுவே வெளியூர்ச் சொல். அவன் மொழியில் அவர்கள் 'ஈஸ் ஷீ', அதாவது மேட்டு மக்கள். 'ஷீ' என்றால் மண்மேடு. டூஹா டே டானன் என்ற பழைய தெய்வக் கூட்டம், பின்னால் வந்த மனிதர்களிடம் தோற்று, மேல்பூமியை அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மேடுகளுக்குள் குடிபோனது என்பது கதை. வெளியே வயல், உள்ளே அரண்மனை.

அந்தப் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அயர்லாந்தில் 'நல்ல மனிதர்கள்', ஸ்காட்லாந்தில் 'நல்ல அண்டை வீட்டார்', வேல்ஸில் 'அழகான குடும்பம்'. நல்லவர்கள் என்பதாலா? நாம் நாகத்தை 'நல்ல பாம்பு' என்கிறோமே, அந்த நல்ல. அம்மை போட்டால் 'ஆத்தா வந்திருக்கா' என்று குரலைத் தாழ்த்துகிறோமே, அந்த மரியாதை. இது பிடிபட்டுவிட்டால் கீழே நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கு முன்பே தெரிந்ததுதான்.

மொத்தம் எத்தனை வகை? அட்டவணையாகக் கொடுத்தால் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வேன்.
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

அட்டவணை கிடையாது தம்பி. ஊருக்கு ஊர் பெயர் மாறும், ஒரே பெயருக்கு அடுத்த ஊரில் வேறு குணம் இருக்கும். நம்மூர்ச் சிறுதெய்வங்களை அட்டவணை போட முடியுமா என்ன?

இருந்தாலும் ஒருவர் முயன்றார். கவிஞர் யேட்ஸ் 1888-ல் அயர்லாந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தபோது, கூட்டமாகத் திரிகிறவை, தனியாகத் திரிகிறவை என்று இரண்டாகப் பிரித்தார். கூட்டத்துக்கு ராஜா ராணி, ஆட்டம் பாட்டு, குதிரை ஊர்வலம், பக்கத்து மாகாண ஃபேக்களோடு சண்டை எல்லாம் உண்டு. தனி ஆசாமிகளில் தங்கத்தைப் புதைத்துவைத்திருக்கும் குள்ளன் லெப்ரகான், சாவை முன்கூட்டியே அழுது சொல்லும் பான்ஷீ, தன் தலையைத் தானே கையில் தூக்கிக்கொண்டு குதிரையில் வருகிற டுல்லஹான் (ஆள்தான் பயங்கரம், ஒரு குண்டூசியளவு தங்கத்தைக் கண்டால் ஓடிவிடுவான்), கறுப்புக் குதிரையாக வந்து ஏறினவனை ராத்திரி முழுக்கச் சேற்றிலும் முள்ளிலும் இழுத்தடிக்கிற பூக்கா என்று பலர். நவம்பர் பிறந்த பிறகு வேலியோர பிளாக்பெரியைப் பறித்துத் தின்னக்கூடாது, பூக்கா அதில் துப்பிவிடும் என்பார்கள். துப்புவதைவிட மோசமானதைச் செய்யும் என்று சொல்கிற ஊர்களும் உண்டு.

யேட்ஸின் பிரிவு அயர்லாந்துக்குச் சரி. கடல் தாண்டினால் வீட்டுக்குள் இருப்பவை, தண்ணீரில் இருப்பவை, சுரங்கத்தில் இருப்பவை என்று தனித்தனிக் குடும்பங்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் தகரச் சுரங்கங்களில் 'நாக்கர்' என்ற குள்ளர்கள் உள்ளேயிருந்து பாறையைத் தட்டுவார்களாம். அந்தச் சத்தம் கேட்டால் ஒன்று நல்ல தாது இருக்கிறது, அல்லது கூரை இடியப்போகிறது. பாறை அழுத்தத்தில் விரிசல் விடும் சத்தம்தான் அது என்பது இன்றைய விளக்கம். தொழிலாளிகள் சாப்பிடுகிற பாஸ்டியின் (கறியும் கிழங்கும் பொதிந்து சுட்ட பண்டம்) ஓரத் துண்டை அவர்களுக்கென்று போட்டுவிட்டு வருவார்கள். இந்தக் கார்ன்வால்காரர்கள்தான் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோலார் தங்கவயலுக்கும் வேலைக்கு வந்தார்கள், அவர்களோடு கீழே இறங்கினவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். பாறை வெடிப்புக்குப் பேர்போன சுரங்கம் அது.

கேமில் சீலி கோர்ட், அன்சீலி கோர்ட் என்று வருகிறது. நல்ல ஃபே, கெட்ட ஃபே என்று எடுத்துக்கொள்ளலாமா?
(வாசகர், கோவை)

முதலில், 'கோர்ட்' என்பதை 'நீதிமன்றம்' என்று மொழிபெயர்த்து இன்னொருவரும் கேட்டிருந்தார். கறுப்பு அங்கி வக்கீல் யாரும் அங்கே இல்லை, இது ராஜசபை.

சீலி என்பது ஸ்காட்லாந்துச் சொல், பாக்கியம் பெற்ற, மகிழ்ச்சியான என்று பொருள். ஆங்கிலத்தில் 'சில்லி' என்று இன்று அசட்டுத்தனத்துக்குச் சொல்கிறோமே, அதுவும் ஒரு காலத்தில் இதே பொருளில் இருந்த சொல்தான், காலப்போக்கில் நொந்துபோனது. சீலி கூட்டம் கடன் வாங்கின மாவைத் திருப்பிக் கொடுக்கும், ஏழைக்கு உதவும். அவமானப்படுத்தினால் மட்டும் சும்மா விடாது. அன்சீலி கூட்டத்துக்கு நீங்கள் ஒன்றும் செய்திருக்கவே வேண்டாம், வழியில் எதிர்ப்பட்டாலே போதும். ஆக, ஒருவர் காரணத்தோடு அடிப்பவர், இன்னொருவர் காரணமில்லாமல் அடிப்பவர். நல்லது கெட்டது என்ற கணக்கு இங்கே பொருந்தாது.

அன்சீலியில் எனக்குப் பிடித்தது 'ஸ்லூவா'. ராத்திரி வானத்தில் பறவைக்கூட்டம் போல மேற்கிலிருந்து வரும் செத்தவர்களின் படை. வீட்டில் யாராவது சாகக் கிடந்தால் மேற்கு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். 'ஸ்லூவா' என்றால் சேனை, 'கெர்ம்' என்றால் கூவல். இரண்டும் சேர்ந்துதான் ஆங்கிலத்தில் 'ஸ்லோகன்' ஆனது. தேர்தல் நேரத்தில் தெருவில் கேட்பது மூலப்பொருளுக்கு ரொம்ப தூரம் போய்விடவில்லை.

கோடை சபை, குளிர்கால சபை, இலையுதிர் சபை எல்லாம் இன்றைய எழுத்தாளர்களும் கேம் செய்கிறவர்களும் சேர்த்தது. அது தப்பில்லை, பாட்டி சொன்ன கதை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

லெப்ரகானைப் பிடித்தால் தங்கம் கிடைக்குமா?
(வாசகர், சிவகாசி)

கிடைக்காது. ஒருவன் பிடித்தான். கழுத்தைப் பிடித்து மிரட்டியதில் லெப்ரகான் அவனை ஒரு பெரிய வயலுக்குக் கூட்டிப்போய், மஞ்சள் பூ பூக்கும் ஒரு களைச்செடியைக் காட்டி, "இதுக்குக் கீழதான், தோண்டிக்கோ" என்றது. கையில் மண்வெட்டி இல்லை. அவன் தன் காலுறையைக் கட்டியிருந்த சிவப்பு நாடாவை அவிழ்த்து அந்தச் செடியில் அடையாளமாகக் கட்டினான். "நாடாவைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றான், லெப்ரகானும் பண்ணியது. வீட்டுக்கு ஓடி மண்வெட்டியோடு மூச்சிரைக்க வந்து பார்த்தால், ஏக்கர் கணக்கில் விரிந்த அந்த வயலில் ஒவ்வொரு செடியிலும் ஒரு சிவப்பு நாடா.

சத்தியத்தை மீறவே இல்லை, கவனியுங்கள். ஃபே கதை என்றால் இதுதான்.

இன்னொன்று: பழைய கதைகளில் அவன் கோட்டு சிவப்பு. பச்சை பின்னால் வந்தது. வேலை செருப்புத் தைப்பது, எப்போது பார்த்தாலும் ஒற்றைச் செருப்புதான் கையில் இருக்கும்.

பான்ஷீ நம்ம மோகினி மாதிரியா?
(வாசகி, மதுரை)

மோகினி ஆளை அடிப்பவள். பான்ஷீ யாரையும் அடிப்பதில்லை, சாவு வரப்போகிறது என்று முன்கூட்டியே அழுவாள், அவ்வளவுதான். பெயருக்கே 'மேட்டுப் பெண்' என்றுதான் அர்த்தம். எல்லோர் வீட்டுக்கும் வரமாட்டாள். ஓ, மாக் என்று தொடங்கும் பழைய வம்சங்களுக்கு மட்டும் என்பார்கள். வெளிநாட்டில் சாகிற மகனுக்காக அயர்லாந்தில் அவன் வீட்டு வாசலில் அழுகை கேட்டதாகவும் கதைகள் உண்டு. நம்மில் அவளுக்கு உறவு வேண்டுமானால் ஒப்பாரிக்காரியைத்தான் சொல்வேன். அங்கேயும் சாவு வீட்டில் கூலிக்கு ஒப்பாரி வைக்கும் பெண்கள் இருந்தார்கள், பான்ஷீ அவர்களுடைய நிழல்.

தரையில் சீப்பு கிடந்தால் அயர்லாந்தில் எடுக்க மாட்டார்கள். அவள் நீளமுடியைச் சீவிக்கொண்டே அழுபவள், அது அவள் சீப்பாக இருக்கும். ஒருவன் எடுத்துவந்துவிட்டான். ராத்திரி ஜன்னலில் அழுகையும் தட்டலும். கை நீட்டிக் கொடுக்கத் துணிச்சல் இல்லாமல், அடுப்பு இடுக்கியில் சீப்பைப் பிடித்து ஜன்னல் வழியாக நீட்டினான். சீப்பு போயிற்று. இடுக்கியை உள்ளே இழுத்துப் பார்த்தால் முறுக்குப் பிழிந்த மாதிரி முறுக்கிக் கிடந்தது. கையாக இருந்திருந்தால்?

என் மகனுக்கு பிரவுனி என்றால் கேக்தான். அது ஃபேயா?
(வாசகி, சேலம்)

வீட்டு வேலை செய்யும் ஃபே. எல்லோரும் தூங்கின பிறகு வந்து தானியம் அடித்து, வெண்ணெய் கடைந்து, வீட்டைப் பெருக்கிவிட்டுப் போகும். அடுப்போரம் ஒரு கிண்ணம் பாலாடை வைத்தால் போதும். அதையும் "இது உனக்குக் கூலி" என்று நீட்டக்கூடாது, மறந்து வைத்த மாதிரி வைக்கவேண்டும். பாவம் கந்தலோடு அலைகிறதே என்று துணி தைத்து வைத்தீர்களோ, போட்டுக்கொண்டு போய்விடும், திரும்பி வராது. ஏன் என்பதற்கு ஊருக்கு ஒரு காரணம். லிங்கன்ஷரில் ஒன்று, மெல்லிய லினன் சட்டைக்குப் பதில் முரட்டுச் சணல் சட்டை வைத்ததற்காகக் கோபித்துக்கொண்டு போனது. அது எனக்குப் புரிகிறது. தீபாவளிக்கு மட்டமான புடவை வாங்கிக் கொடுத்தால் நம் வீட்டில் வேலை செய்யும் அக்கா மட்டும் பேசாமல் இருப்பார்களா?

மனம் புண்பட்ட பிரவுனி 'பாகர்ட்' ஆகிவிடும் என்றும் சொல்வார்கள். பாத்திரத்தை உருட்டும், பிள்ளைகள் கையிலிருந்து ரொட்டியைப் பிடுங்கும். யார்க்‌ஷரில் ஒரு விவசாயக் குடும்பம் இதன் தொல்லை தாங்காமல் வீட்டையே காலி செய்து, சாமானை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. வழியில் அண்டை வீட்டுக்காரன், "என்னப்பா, வீடு மாத்துறீங்களா?" என்றான். விவசாயி வாயைத் திறப்பதற்குள் வண்டியிலிருந்த வெண்ணெய்ப் பானைக்குள்ளிருந்து ஒரு குரல், "ஆமா, மாத்துறோம்" என்றது. விவசாயி வண்டியைத் திருப்பினான். கஷ்டம்தான் என்றால் பழகின வீட்டிலேயே படலாமே.

இரும்புக்கு ஏன் பயம்?
(வாசகர், திருவண்ணாமலை)

கல்லாயுதம் வைத்திருந்த பழங்குடிகளை இரும்பு வைத்திருந்தவர்கள் விரட்டினார்கள், ஒளிந்து வாழ்ந்த அந்த மக்களின் ஞாபகம்தான் ஃபே என்று 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் சிலர் சொன்னார்கள். உழும்போது கிடைக்கிற பழைய கல் அம்புமுனைகளை 'எல்ஃப் அம்பு', அதாவது ஃபே அம்பு என்றுதான் விவசாயிகள் சொன்னார்கள், மாடு திடீரென்று சுருண்டு விழுந்தால் அந்த அம்பு பட்டுவிட்டது என்பார்கள். விளக்கம் கச்சிதமாகத்தான் இருக்கிறது. எனக்கென்னவோ இவ்வளவு கச்சிதமாக இருப்பதாலேயே நம்பிக்கை வரவில்லை.

தொட்டிலுக்கு மேலே கத்தரிக்கோலை விரித்துத் தொங்கவிடுவார்கள், இரும்புக்கு இரும்பும் ஆச்சு, சிலுவை வடிவமும் ஆச்சு. ஃபேக்களின் மேட்டுக்குள் நுழைகிறவன் வாசலில் ஒரு கத்தியைச் செருகிவிட்டுப் போனால் கதவு மூடாது. மலையாளத்து யட்சியை ஆணி அடித்துத்தானே அடக்குகிறார்கள்? அவ்வளவு தூரம் ஏன், என் பாட்டி ராத்திரியில் கறிக்குழம்பைத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பும்போது மூடிமேல் ஒரு கரித்துண்டும் ஒரு ஆணியும் வைக்காமல் விடமாட்டாள். வழியில் என்ன வரும் என்று கேட்டால் "வராம இருக்கத்தான்" என்பாள். பேர் சொல்லமாட்டாள். அயர்லாந்துக் கிழவிக்கு அவளோடு பேச மொழிதான் தடையாக இருந்திருக்கும்.

இறக்கை எப்போது முளைத்தது? என் பெண்ணுக்கு இறக்கை இல்லாத ஃபேரி வேண்டாமாம்.
(ஒரு தந்தை, சென்னை)

பழைய கதைகளில் இறக்கை இல்லை. ஆள் உயரமும் பெரும்பாலும் நம் உயரம்தான், குதிரை ஏறுகிறார்கள், நம்மைக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், அப்புறம் எப்படி விரல் அளவு இருப்பார்கள்? ஷேக்ஸ்பியர் கையில் சிறுத்தார்கள், ஒருத்தியின் தேருக்கு வெறும் கொட்டைத் தோட்டையே வண்டியாக்கினார் அவர். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓவியர்கள் பூச்சி இறக்கை ஒட்டினார்கள், 1832-ல் பாரிஸில் அரங்கேறிய 'லா சில்ஃபீட்' பாலேவில் நாயகியே முதுகில் இறக்கையோடு வந்தாள். அதற்குப் பிறகு கழற்ற முடியவில்லை.

கழற்ற முடியாமல் போனதற்குச் சாட்சி காட்டிங்லி. யார்க்‌ஷரில் பிராட்ஃபோர்டு பக்கத்துக் கிராமம். 1917-ல் 16 வயது எல்ஸி ரைட்டும் 9 வயது ஃபிரான்சஸ் கிரிஃபித்ஸும், எல்ஸியின் அப்பா கேமராவை வாங்கிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போய், ஃபேரிகள் ஆடுவதாக ஒரு படம் எடுத்துவந்தார்கள். எல்லாம் சேர்த்து ஐந்து படம். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில் அதை நம்பி, 1920 டிசம்பரில் பத்திரிகையில் கட்டுரையே எழுதினார். எத்தனை துப்பறிந்தவர்! ஒரு பிள்ளைகள் புத்தகத்துப் படத்தைப் பார்த்து வரைந்து, அட்டையில் வெட்டி, தொப்பி ஊசியால் குத்தி நிறுத்திய பொம்மைகள் அவை. இதில் கூத்து என்னவென்றால் அந்தப் புத்தகத்தில் டாயிலின் கதையும் ஒன்று இருக்கிறது. உண்மையை ஒத்துக்கொண்டது 1983-ல், பாட்டிகளான பிறகு. அப்போதும் ஃபிரான்சஸ், "ஐந்தாவது படம் மட்டும் நிஜம்" என்றுதான் சொன்னார்.

உங்கள் பெண்ணுக்கு இறக்கை வாங்கிக் கொடுங்கள் சார்.

தண்ணீரில் இருக்கும் ஃபே எவை?
(வாசகர், நாகப்பட்டினம்)

ஸ்காட்லாந்தில் கெல்பி: ஆற்றோரம் அழகான குதிரையாக நிற்கும், ஏறின பிள்ளைகளின் கை பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், அப்படியே தண்ணீருக்குள் போய்விடும். தொட்ட விரலை வெட்டிக்கொண்டு தப்பித்த ஒரு பையன் கதை அங்கே எல்லா ஊரிலும் உண்டு. பிள்ளைகள் ஆற்றுப்பக்கம் போகாமலிருக்கச் சொன்னது என்று தெரிகிறது, ஆனாலும் அந்த விரல் மறக்கமாட்டேன் என்கிறது. ஃபால்கிர்க்கில் இப்போது 30 மீட்டர் உயரத்துக்கு இரண்டு உருக்குக் குதிரைத் தலைகள் நிற்கின்றன, பெயர் கெல்பிஸ். இரும்புக்குப் பயந்தவர்களை இரும்பிலேயே செய்துவிட்டார்கள்.

ஓர்க்னி, ஷெட்லாந்து தீவுகளில் செல்கி. கடல்நாய்த் தோலைக் கழற்றிவைத்தால் பெண். தோலை ஒளித்துவைத்தவன் மனைவியாக வாழ்ந்து, பிள்ளை பெற்று, ஒருநாள் பரணில் தோல் கிடைத்ததும் கடலுக்குத் திரும்பிவிடுவாள். இதைக் காதல் கதை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். உடைமையைத் திருடி ஒளித்துவைத்து நடத்திய குடித்தனம் அது. அவள் ஒருநாளும் அவனிடம் விடைபெற்றுப் போவதில்லை, பிள்ளைகளைப் பார்க்க மட்டும் கரையோரம் தலை தூக்கிப் பார்ப்பாள்.

பிள்ளையை மாற்றிவைத்துவிடுமாமே? ஒரு கதையில் படித்தேன். சுவாரஸ்யமாக இருந்தது.
(வாசகர், ஈரோடு)

கதையாக இருக்கும்வரை சுவாரஸ்யம். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மெலிந்து, பேச்சு நின்று, ஓயாமல் அழுதால், இது நம் பிள்ளை இல்லை, ஃபே வைத்துவிட்டுப்போன சேஞ்சலிங் என்பார்கள். முட்டை ஓட்டில் தாய் சாராயம் காய்ச்சினால், தொட்டிலில் கிடப்பது எழுந்து உட்கார்ந்து, "எத்தனையோ நூறு வருஷம் பார்த்துட்டேன், முட்டை ஓட்டுல காய்ச்சி இப்பத்தான் பார்க்கறேன்" என்று வாய்தவறிக் காட்டிக்கொடுத்துவிடும். இது கதை.

கதைக்கு வெளியே நடந்ததைக் கேளுங்கள். 1826-ல் அயர்லாந்தின் கெர்ரியில் நடக்கவும் பேசவும் முடியாத நான்கு வயதுக் குழந்தையை, ஃபேயை விரட்டுவதாகச் சொல்லி ஆற்றில் முக்கியதில் குழந்தை இறந்தது. முக்கின பெண் விடுதலையானாள். 1895 மார்ச்சில் டிப்பரரியில் பிரிஜட் கிளியரி. தையல் வேலை பார்த்தவர், சொந்தமாகத் தையல் மெஷின் வைத்திருந்தவர், கோழி வளர்த்து முட்டை விற்றுத் தன் காசைத் தானே சம்பாதித்தவர். உடம்பு முடியாமல் படுத்தார். கணவன் மைக்கேல் கிளியரி, இது என் மனைவி இல்லை என்றான். அப்பாவும் உறவினர்களும் சுற்றி நிற்க, மூலிகையைப் புகட்டி, "நீ பிரிஜட்தானா, சொல்லு" என்று திரும்பத் திரும்பக் கேட்டு, கடைசியில் எரித்தான். அதற்குப் பிறகு ராத்திரிகளில் கறுப்புப் பிடிக் கத்தியோடு பக்கத்து ஃபே கோட்டை மேட்டில் போய்க் காத்திருந்தான், நிஜ மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள் என்று. 20 வருஷ தண்டனை, 15 வருஷம் உள்ளே இருந்தான்.

அவன் நம்பினானா, நடித்தானா என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது. கையில் காசு வைத்திருந்த, யாருக்கும் தலைகுனியாத ஒரு பெண்ணுக்குத்தான் அப்படி நடந்தது என்பதை மட்டும் நான் சொல்லிவிட்டுப் போகிறேன்.

தமிழில் ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதுகிறேன். ஃபேக்களுக்கு என்னென்ன சக்தி வைக்கலாம்?
(எழுத முனையும் வாசகி, புதுச்சேரி)

சக்தியை அப்புறம் பார்க்கலாம், முதலில் நிபந்தனையை வையுங்கள். தென் வேல்ஸில் லின் எ வான் வாக் என்றொரு ஏரி. அதிலிருந்து வந்த பெண் ஒரு மாடுமேய்க்கிறவனைக் கட்டிக்கொண்டாள், காரணமில்லாமல் மூன்று முறை அடித்தால் போய்விடுவேன் என்ற ஒரே நிபந்தனையோடு. அவன் நல்லவன், அடிக்கிற ஆளே இல்லை. ஞானஸ்நானத்துக்குக் கிளம்பத் தாமதித்தபோது தோளில் செல்லமாக ஒரு தட்டு. கல்யாண வீட்டில் அவள் அழுதபோது, "ஏன் அழற?" என்று ஒரு தட்டு. சாவு வீட்டில் அவள் சிரித்தபோது, "சும்மா இரு" என்று ஒரு தட்டு. முடிந்தது. சீதனமாக வந்த மாடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஏரியை நோக்கி நடந்தாள், அறுத்துக் கொக்கியில் தொங்கவிட்டிருந்த கறுப்புக் கன்றுக்குட்டிகூட உயிரோடு இறங்கி அவள் பின்னால் போனது. இதில் எந்த மந்திரம் இருக்கிறது சொல்லுங்கள்? மூன்று தட்டு. நானூறு பக்கப் போர்க்காட்சியைவிட அந்தக் கன்றுக்குட்டி கனம்.

ஃபே பொய் சொல்லாது என்று புது நாவல்கள் பலவற்றில் வரும். அதற்குப் பழைய வேர் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் பாதிரியார் கெரால்டு எழுதிவைத்த ஒரு கதையில், பொய்யை அருவருக்கும் குட்டி மனிதர்களின் நாட்டுக்கு எலிடோர் என்ற பையன் போய்வந்துகொண்டிருந்தான். அம்மா ஆசைப்பட்டாளென்று அங்கிருந்த தங்கப் பந்தைத் திருடிக்கொண்டு ஓடிவந்தான், வீட்டு வாசற்படியில் தடுக்கி விழுந்தான். பந்தை அவர்கள் எடுத்துக்கொண்டு அவனைப் பார்த்த பார்வைக்கு அப்புறம், ஒரு வருஷம் தேடியும் வழி கிடைக்கவில்லை. பின்னால் அவனும் பாதிரியார் ஆனான், கிழவனான பிறகும் இதைச் சொல்லும்போது அழுவானாம்.

பெயர் விஷயத்தில், 'யட்சி' என்று போடாதீர்கள், பனைமரமும் சுண்ணாம்பும் கூடவே வந்துவிடும். ஃபே என்றே இருக்கட்டும், இல்லையென்றால் நீங்களே ஒரு பூசிமெழுகின பெயர் வையுங்கள், 'நல்லவங்க' மாதிரி.

இந்தக் காலத்தில் யாராவது நம்புகிறார்களா?
(வாசகர், தஞ்சாவூர்)

நம்புகிறாயா என்று கேட்டால் இல்லை என்பார்கள். அந்த முள்மரத்தை வெட்டு என்று சொல்லிப் பாருங்கள். அயர்லாந்தில் 40,000-க்கும் மேல் வட்டமான பழைய மண்கோட்டைகள் இருக்கின்றன, ஆயிரம் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தைய பண்ணை வீடுகளின் எச்சம். இத்தனை மிஞ்சியதற்கு ஒரு காரணம், ஃபே கோட்டை என்று பயந்து உழாமல் விட்டது. 1999-ல் கிளேர் மாவட்டத்தில் லட்டூன் என்ற இடத்தில் புறவழிச்சாலைப் பாதையில் ஒற்றை வெள்முள் மரம் நின்றது. மன்ஸ்டர் மாகாணத்து ஃபேக்கள் கனாட் மாகாணத்து ஃபேக்களோடு சண்டைக்குப் போகும்போது கூடும் இடம் அது, வெட்டினால் சாலையில் உயிர்ப்பலி விழும் என்று எடி லெனிஹன் என்ற கதைசொல்லி பத்திரிகைக்கு எழுதினார். சாலை மரத்தை விட்டு விலகிப் போனது. 2002-ல் யாரோ ரம்பத்தால் கிளைகளை அறுத்துவிட்டார்கள், மரம் மறுபடி துளிர்த்துவிட்டது.

அங்கே போனவர்கள் யாராவது திரும்பி வந்தார்களா?
(வாசகி, காரைக்குடி)

ஸ்காட்லாந்தில் தாமஸ் என்ற கவிஞர் ஃபே ராணியோடு போய் ஏழு வருஷம் கழித்து வந்தார் என்று பாட்டு இருக்கிறது. சம்பளமாகப் பொய் சொல்லமுடியாத நாக்கு கிடைத்தது. சந்தையில் பேரம் பேசக்கூட முடியாதே என்று அவர் புலம்பினாராம்.

வராதவர் ராபர்ட் கிர்க். அபர்ஃபாயில் ஊர் பாதிரியார், ஸ்காட்லாந்து மலைநாட்டின் கேலிக் மொழியில் பைபிளின் சங்கீதங்களைக் கொண்டுவந்த படிப்பாளி. 1691 வாக்கில் ஃபேக்களைப் பற்றி ஒரு கையெழுத்துப் பிரதி எழுதினார், கேலியாக இல்லை, ஊரில் விசாரித்துக் குறித்துவைத்த மாதிரி. மனிதனுக்கும் தேவதூதனுக்கும் நடுவிலான பிறவி, காலாண்டுக்கு ஒருமுறை வீடு மாற்றுவார்கள் என்றெல்லாம். அச்சானது 1815-ல்தான். 1692-ல் ஒருநாள், இரவு அங்கியோடு ஊருக்குப் பக்கத்து டூன் மலையில் நடந்துகொண்டிருந்தவர் விழுந்து இறந்தார். ரகசியத்தை எழுதினதற்கு எடுத்துக்கொண்டார்கள் என்றது ஊர்.

கதை அங்கே நிற்கவில்லை. உறவினர் ஒருவருக்குத் தோன்றி, "நான் சாகவில்லை, பிடிபட்டிருக்கிறேன். என் பிள்ளையின் ஞானஸ்நானத்தன்று அறைக்குள் வருவேன். டக்ரேயில் இருக்கிற கிரஹாம் கையில் கத்தி வைத்திருக்கட்டும், என் தலைக்கு மேல் வீசட்டும், விடுதலையாகிவிடுவேன்" என்றாராம் கிர்க். அவர் இறந்த பிறகு பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானம் நடந்தது. சொன்னபடியே கிர்க் வந்தார், எல்லோரும் பார்த்தார்கள். கிரஹாம் வாயடைத்து நின்றான். கிர்க் அறையைக் கடந்து மறுபக்கக் கதவு வழியாக வெளியே போனார். கத்தி கிரஹாமின் கையிலேயே இருந்தது.